குளிர்காலத்துக்கு வேனை எங்கே நிறுத்துவது: ஊட்டியா, கோத்தகிரியா, சீகூர்ப் பக்கமா, பாலைவனமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். மின் இணைப்பு, குழாய்த் தண்ணீர் எதுவும் இல்லாமல் வேனிலேயே குளிர்காலத்தைக் கழிக்க நீலகிரிக்கு வருகிறவர்கள் பொங்கல் வரைக்கும் சீகூர்ப் பக்கம், அதாவது மசினகுடி இருக்கிற வறண்ட மேட்டுநிலத்தில், முறையான இடம் கிடைத்தால் அங்கே இருங்கள், கிடைக்காவிட்டால் நாலு சுவருக்குள் இருங்கள். பொங்கலுக்குப் பிறகு கோத்தகிரிச் சரிவில் காலை வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். ஊட்டியில் உறைபனி பார்க்க ஆசையென்றால் சில நாள் போய் இருந்துவிட்டு இறங்கிவிடுங்கள். ராஜஸ்தான் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகத் தேவையே இல்லை.

இந்த ஆசை பெரும்பாலும் யூடியூபில் அமெரிக்கர்களைப் பார்த்துத்தான் வருகிறது. தப்பில்லை. அரிசோனாவில் குவார்ட்சைட் என்று ஒரு சிற்றூர், கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை, சுற்றிலும் பாலைவனம். குளிர்காலம் வந்தால் பனி கொட்டுகிற வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து அங்கே மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அதற்கென்றே மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை இடம் ஒதுக்கியிருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதத்துக்கும் சேர்த்து 180 டாலர் என்று பல ஆண்டுகளாக வாங்கிவந்தார்கள், அந்தக் காசுக்குத் தண்ணீர் பிடிக்க, கழிவுத் தொட்டியைக் காலிசெய்ய, குப்பை போட எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்குப் பக்கத்துப் பொது நிலத்தில் 14 நாள் வரை இலவசம். நம் மலையில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஆளில்லாத இடமாகத் தெரிவதெல்லாம் காப்புக்காடு, மீதி தேயிலைத் தோட்டம், பட்டா நிலம், ஊர்ப் பொது நிலம். எங்கே நிறுத்தினாலும் யாரோ ஒருவரின் சம்மதத்தில்தான் இருக்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

ஆனால் வெயில் விஷயத்தில் நாம் அவர்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள், இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. குவார்ட்சைட் இருப்பது வட அட்சரேகை 33 டிகிரி சொச்சத்தில். டிசம்பர் 21 அன்று உச்சிப் பொழுதில்கூடச் சூரியன் அங்கே அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தைத் தாண்டாது. நீலகிரி 11 டிகிரி சொச்சத்தில் இருப்பதால் அதே நாளில் இங்கே 55 டிகிரி. வேன் கூரையில் தட்டையாகப் படுத்திருக்கிற சோலார் பேனலுக்கு இது பெரிய வித்தியாசம்: அவர்களுக்கு நேர்வெயிலில் ஏறத்தாழ பாதிதான் தேறும், நமக்கு எண்பது சதவீதத்துக்கு மேல். அதனால்தான் அவர்கள் கூரையில் ஏறிப் பேனலைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள், நாம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பகலும் நமக்குப் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டி வரும், அவர்களுக்குப் பத்துதான். சூடு ஏற ஏறப் பேனலின் திறன் குறையும், ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைக் குளிர் அதிலும் நம் பக்கம்தான்.

அப்புறம் என்ன குறை என்றால், மூடுபனி.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரைக்கும் இழுக்கும். அது அடிப்பது மலையின் கிழக்கு முகத்தை, அதாவது குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பள்ளத்தாக்கு. மழை பெய்யாத நாளிலும் மேகம் ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், மூன்று நாள் நான்கு நாள் எதிர்வீட்டுக் கூரை தெரியாது. என் வேனில் 400 வாட் பேனல். நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட்டை ஒட்டிக் கிடைக்கிறது. மூடுபனி நாளில் கால் யூனிட் கிடைத்தாலே பெரிது. லேப்டாப், மோடம், சின்ன ஃப்ரிட்ஜ், விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு முக்கால் முதல் ஒரு யூனிட் வேண்டும். எவ்வளவு பெரிய பேட்டரி வாங்கிப் போட்டாலும் நான்கு நாள் மூடுபனியை அது தாங்காது, தாங்குகிற அளவுக்கு வாங்கினால் அந்தக் காசில் மூன்று மாதம் வாடகைக்கு வீடே எடுத்துவிடலாம்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. உறைபனி விழ வேண்டுமென்றால் இரவில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது. அப்படிப்பட்ட இரவுக்கு அடுத்த பகல் பெரும்பாலும் நல்ல வெயில். மாறாக மேகம் மூடிய இரவு அவ்வளவு குளிராது, ஆனால் மறுநாள் பேனல் பட்டினி. அதாவது குளிர் வாட்டுகிற நாளில் மின்சாரம் இருக்கும், மின்சாரம் இல்லாத நாளில் குளிர் கொஞ்சம் தணிந்திருக்கும். ஹீட்டருக்கு மின்சாரம் பற்றாமல் போய்விடுமோ என்று பயந்து ஊட்டியைத் தள்ளுகிறவர்கள் தப்பான காரணத்துக்காகத் தள்ளுகிறார்கள். தள்ள வேறு காரணங்கள் இருக்கின்றன, வருகிறேன்.

பாலைவனத்துக்கே போய்விட்டால்?

ஜெய்சல்மர் பக்கம் ஜனவரியில் இரவு எட்டு டிகிரி வாக்கில் இருக்கும், பகல் இதமான வெயில், மழை கிட்டத்தட்டக் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். டிராவலர் மாதிரி வண்டி லிட்டருக்குப் பத்து கொடுத்தாலும் போய்வர 400 லிட்டர் டீசலுக்குக் குறையாது. டீசல் ஹீட்டர் ஓர் இரவுக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், மூன்று மாதத்துக்கு 135 லிட்டர். பாலைவனம் போய்வருகிற டீசலில் இங்கேயே மூன்று குளிர்காலத்துக்குச் சூடு காயலாம். அதற்குமேல் எல்லைப் பக்கத்து ஊர்களுக்கு அனுமதி வாங்க வேண்டும், மணலில் டயர் புதைந்தால் இழுக்க ஆள் தேட வேண்டும். ஊர் பார்க்கப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். குளிரிலிருந்து தப்பிக்க மட்டும் போவதில் அர்த்தம் இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் பாலைவனம் நம் மலையை அடித்துத் தள்ளிவிடும், அது வறட்சி. துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் காய்கிற சுகத்தை மார்கழியில் குன்னூரில் இருந்து பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

ஊட்டி

ஊட்டி 2,240 மீட்டர். உயரத்தைவிட முக்கியம் எந்தப் பள்ளத்தில் நிறுத்துகிறோம் என்பது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். தலைகுந்தா, காமராஜ் சாகர் அணைப் பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதும், அதே நாளில் மேலே சரிவில் இருக்கிற வீட்டுக்காரர் பனியே விழவில்லை என்று சொல்வதும் இதனால்தான். ஓடையோரம் சமதளம், பார்க்க அழகாக இருக்கிறது, வண்டியும் சாயாமல் நிற்கிறது என்று தேர்ந்தெடுக்கிற இடம்தான் ஊரிலேயே அதிகம் குளிர்கிற இடமாக இருக்கும்.

உறைபனி இரவில் முதலில் மக்கர் செய்வது கேஸ். நம் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கிறது. பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே போனால் ஆவியாகாது. வெளிப்பெட்டியில் வைத்த ஐந்து கிலோ சிலிண்டர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், காலையில் பால் காய்ச்சப் பற்றவைக்கும்போது நீலச் சுடர் விரல் நுனி அளவுக்குச் சுருங்கி நிற்கும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே திரவம் சலசலக்கும், ஆனால் மேலே வராது. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டிக்குள் சிலிண்டரைக் கொஞ்ச நேரம் நிற்கவைத்தால் சரியாகிவிடும். நெருப்புக் காட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். தண்ணீரும் இந்த உயரத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகும் என்று உட்கார்ந்திருந்தால் கேஸ் தீர்ந்துபோகும்.

அடுத்து பேட்டரி. லித்தியம் அயன் பாஸ்பேட் வகையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செல் நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரியில் அதைத் தடுக்கிற காவல் உள்ளேயே இருக்கும், மலிவானதில் இருக்காது. வேனுக்குள், படுக்கைக்கு அடியில் வைத்தால் இந்தக் கவலை தீர்ந்தது. பழைய ஈய அமில பேட்டரி குளிரில் சார்ஜ் ஏறும், ஆனால் எழுதியிருக்கிற கொள்ளளவில் பாதியைத்தான் எடுக்கலாம், குளிரில் அதிலும் கொஞ்சம் போய்விடும். எடையோ சொல்லவே வேண்டாம், ஊசிமுனை வளைவுகளில் தெரியும். இரண்டில் எது என்றால் லித்தியம்தான், யோசிக்காதீர்கள்.

சூட்டுக்கு என்ன செய்வது? டீசல் ஹீட்டர்தான் உருப்படியான வழி. எரிகிற காற்று வெளியிலிருந்து வந்து வெளியே போகிறது, உள்ளே வருவது உலர்ந்த வெப்பக் காற்று மட்டும். ஆனால் இதை வாங்கும்போது உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்துகொள்கிற வகையா என்று கேட்டு வாங்குங்கள். 1,500 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்துவிடுகிறது, சாதாரண வகை அதே அளவு டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், உள்ளே கரி படிந்து மார்கழி நடுவில் நின்றுபோகும். அமெரிக்க வீடியோக்களில் வருகிற கையடக்க கேஸ் ஹீட்டரை இறக்குமதி செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அதில் ஆக்சிஜன் குறைந்தால் தானே அணைகிற ஏற்பாடு உண்டு, நல்ல ஏற்பாடுதான், ஆனால் 7,000 அடிக்கு மேல் காற்று இயல்பாகவே மெலிந்திருப்பதால் ஆபத்து இல்லாதபோதும் அணைந்துவிடும். ஊட்டி 7,300 அடிக்கு மேல்.

கரியடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்குவது பற்றி ஒரே வரி: வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தி வந்திருக்கிறது. டீசல் ஹீட்டர் இருந்தாலும் அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

இத்தனையும் சமாளிக்கக்கூடியதுதான். ஊட்டியை நான் தள்ளுவது ஈரத்துக்காக. இரண்டு பேர் ஓர் இரவு மூச்சுவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் காற்றில் சேர்கிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவி. வெளியே பூஜ்ஜியம், உள்ளே பதினெட்டு, இடையே ஒரு தகரம். தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் கம்பளமோ ஃபோமோ போட்டிருந்தாலும் ஸ்க்ரூவின் தலை குளிர்ந்துதான் இருக்கும். விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் கூரையில் ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும், வரிசையாக, அளந்து வைத்தது மாதிரி. அது விழுவது தலையணையில். வாரம் இரண்டு போனால் மெத்தைக்கு அடியில் கறுப்புப் பூஞ்சை. ஜன்னலை விரற்கடை திறந்துவைத்துவிட்டு ஹீட்டர் போடுவதுதான் மருந்து, கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் வேறு வழியில்லை. பாலைவனத்தில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, அதனால் அமெரிக்கர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, அவர்களைப் பார்த்து வண்டி கட்டுகிற நம்மவர்களும் காற்றுவழி வைக்க மறந்துவிடுகிறார்கள்.

கோத்தகிரி

கோத்தகிரி ஊட்டியைவிட முந்நூறு நானூறு மீட்டர் கீழே. உறைபனி அபூர்வம், இரவில் பெரும்பாலும் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். ஹீட்டரைப் படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம், எழுந்ததும் அரை மணி நேரம் ஓட்டினால் போதும், மீதிக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும். ஸ்க்ரூவில் சொட்டு அப்போதும் உண்டு, ஆனால் பகல் வெயிலில் கதவைத் திறந்துபோட்டால் காய்ந்துவிடுகிற அளவில்.

இங்கே இடம் பார்க்கும்போது காட்சியை மறந்துவிட்டுத் திசையைப் பாருங்கள். சமவெளி சூடேற ஏற மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மேகம் சரிவில் ஏறிவரும், பல நாள் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கெல்லாம் வெயில் போய்விடும். அதனால் நமக்குச் சேரப்போவது முற்பகல் வெயில். கிழக்கையோ தென்கிழக்கையோ பார்த்த சரிவு என்றால் ஏழு மணிக்கே பேனல் வேலையைத் தொடங்கிவிடும். மேற்குச் சரிவில், முதுகுக்குப் பின்னால் மலை இருக்கிற இடத்தில், சூரியன் முகடு தாண்டி வர ஒன்பதரை ஆகும், அங்கே நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு பேனல் வாங்கிப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. நிலத்துக்காரரிடம் வாடகை பேசும் முன் "காலையில் இங்கே எத்தனை மணிக்கு வெயில் விழும்?" என்று கேளுங்கள். தேயிலைக்காரர்களுக்கு அது நிமிடக் கணக்கில் தெரியும்.

தோட்டத்துக்குள் நிறுத்தினால் சில்வர் ஓக் நிழல் ஒரு தலைவலி. மரம் மெலிசுதான், நிழலும் மெலிசுதான், ஆனால் தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் கிளை நிழல் விழுந்தாலும் மொத்த வரவும் படுத்துவிடும். பேனல்களை இணையாக இணைத்துக்கொண்டால் சேதம் குறையும். மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள், அது அவர்களுக்கு மிளகுக்கொடி ஏற்றுகிற மரமாகவும் இருக்கலாம், வெட்ட அனுமதியும் வேண்டும்.

கரடியைப் பற்றிச் சொல்லாமல் கோத்தகிரியைச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்துக் கரடிகளுக்கு மனிதர்கள் பயன்படுத்துகிற எண்ணெய் பிடித்துப்போய்விட்டது. கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்க வரும், பேக்கரி ஷட்டரைப் பிரிக்கும், வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுக்கும். வேனின் பின்கதவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நாங்கள் நிறுத்தியிருக்கும் தோட்டத்தின் காவல்காரர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, எண்ணெய்ச் சட்டிய வெளிய வைக்காதீங்க. ராத்திரி சத்தம் கேட்டா எட்டிப் பாக்க இறங்கிராதீங்க. அது பாட்டுக்கு வந்துட்டு அது பாட்டுக்குப் போயிரும்." அதையே உங்களுக்கும் சொல்கிறேன். பொரித்த எண்ணெய், பலாப்பழம், நாய்ச் சாப்பாடு எதுவும் வண்டிக்கு வெளியே இருக்கக் கூடாது. நாயும் இரவில் உள்ளேதான், சிறுத்தை உண்டு. காட்டுமாடு பகலிலேயே தேயிலைக்குள் மேய்ந்துகொண்டிருக்கும், குறுக்கே போகாமல் இருந்தால் அது நம்மைக் கண்டுகொள்ளாது.

கழிவுத் தண்ணீர் விஷயத்தில்தான் மலையும் பாலைவனமும் எதிரெதிர். பாலைவன மணலில் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினால் அது ஆவியாகிப் போய்விடும். இங்கே சரிவில் ஊற்றினால் அது மண்ணுக்குள் இறங்கிக் கீழே ஏதோ ஓர் ஊற்றில் வரும், அந்த ஊற்றில் குழாய் போட்டு ஒரு ஹட்டியே, அதாவது ஒரு படுகர் ஊரே, குடித்துக்கொண்டிருக்கும். நம் சோப்பு நுரை அடுத்தவர் குடத்தில். அதனால் செப்டிக் டேங்க் இருக்கிற வீட்டோடு ஒட்டிய நிலமாகத்தான் நான் பார்ப்பேன், கழிப்பறைத் தொட்டியையும் சமையல் தண்ணீரையும் அதில் விட்டுவிட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். மரத்தூள் போட்டு மட்கவைக்கிற கழிப்பறை பாலைவனத்தில் அருமையாகக் காய்கிறது, பத்து டிகிரி ஈரக்குளிரில் அது மட்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். அதை நம்பாதீர்கள்.

எல்லாம் சரி, ஏன் பொங்கலுக்குப் பிறகு? மழை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது, மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அது அரிதான ஆண்டு, ஆனால் சின்னச் சரிவுகள் ஆண்டு தவறாமல் நவம்பர், டிசம்பரில் நடக்கின்றன, கல்லாறு–குன்னூர் ரயில் பாதை நின்றுபோவது செய்தியாகக்கூடத் தோன்றுவதில்லை. மண் ஊறிய மேட்டுக்கு அடியில் மூன்றரை டன் வண்டிக்குள் தூங்குவதை எந்த பேட்டரியும் ஈடுகட்டாது. மார்கழியில் இங்கே இருப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரணம் பக்கத்துப் பேரகணியில் நடக்கும் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா. ஊர் ஊராக வெள்ளை உடுத்தி நடந்து வருகிற கூட்டத்தைப் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு நாள் போதும்.

சீகூர்ப் பக்கம்

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இதுதான் முதலிடம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 ஊசிமுனை வளைவு இறங்கினால் ஆயிரம் மீட்டர் வாக்கில் ஒரு வறண்ட மேட்டுநிலம், முட்காடு, மசினகுடி. மலைக்குப் பின்னால் மழை மறைவில் இருப்பதால் மேலே மூடுபனி உட்கார்ந்திருக்கிற நாளிலும் இங்கே வெயில் அடிக்கும். டிசம்பர் இரவில் ஹீட்டர் வேண்டாம், ஒரு போர்வை. கேஸ் ஒழுங்காக எரியும், துணி காயும், ஸ்க்ரூவில் சொட்டு இல்லை. நீலகிரிக்குள்ளேயே பாலைவனக் குளிர்காலத்துக்கு அருகில் வருகிற இடம் இது ஒன்றுதான்.

ஆனால் இது யானையின் இடம். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் வெளிமண்டலம். சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் மசினகுடியில் யானை மேல் எரிகிற டயரை வீசிய கொடுமை நடந்தது, காது வெந்து அந்த யானை செத்துப்போனது. இதையெல்லாம் பார்த்த ஊர்க்காரர்களிடமும் வனத்துறையிடமும் போய், சாலையோரம் நிறுத்திக்கொள்கிறேன், தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை, எழுப்பி அனுப்புவார்கள், அனுப்பத்தான் வேண்டும். ஊருக்குள், வழித்தடத்துக்கு வெளியே, சோலார் வேலி போட்ட காம்பவுண்டுக்குள், உரிமம் உள்ள தங்குமிடத்தின் முற்றத்தில் நிறுத்த ஒப்புக்கொண்டால் மட்டும் சரி. அப்போதும் இருட்டியபின் கதவைத் திறப்பது கிடையாது. வாழைப்பழமும் உப்பும் டப்பாவுக்குள். பிப்ரவரி பிறந்தால் புல்லும் உண்ணிச்செடியும் காய்ந்து காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடும், அதற்குள் மேலே ஏறிவிடுவது நல்லது. தண்ணீரும் இங்கே தட்டுப்பாடுதான், விலைக்கு வாங்கி நிரப்ப வேண்டியிருக்கும்.

இன்னொன்று: தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் வழியாகக் கர்நாடகம் போகிற சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும். கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, இறக்கத்தில் பிரேக் போய் நடந்த விபத்துகள்தான் காரணம். கனமான வேனோடு நான் கூடலூர் சுற்றித்தான் இறங்குவேன், நேரம் போனால் போகட்டும்.

இப்படியொரு முற்றம் கிடைக்காதவர்கள் டிசம்பரை ஒரு ஹட்டியின் வரிசை வீட்டில் வாடகைக்குக் கழிப்பதுதான் என் கணக்கில் இரண்டாவது நல்ல வழி. வேனில் வாழ வந்துவிட்டு வீடெடுப்பதா என்று ரோஷப்படுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது எதுவும் இல்லை. குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ உடன் இருந்தால் மூன்று மாதமும் வீடுதான், வேன் வாசலில் நிற்கட்டும். புகைபோக்கி வைத்த இரும்பு அடுப்பும் காய்ந்த சீகை விறகும் கிடைத்தால் எந்த டீசல் ஹீட்டரும் அதற்குப் பக்கத்தில் வராது.

கொடைக்கானலைக் கேட்பவர்களுக்கு: பழனி மலையிலும் கணக்கு இதேதான். மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை எல்லாம் ஊட்டி மாதிரி, பனியும் வெயிலும் சேர்ந்து வரும். கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்கள் இதமாக இருக்கும், ஆனால் வடகிழக்கு மழை நேராக அடிக்கிற முகம், காப்பிக்கு மேலே நிழல் மரமும் அடர்த்தி, பேனலுக்கு ஆகாது. மழை மறைவில் மசினகுடி மாதிரி எனக்குத் தெரிந்து அங்கே ஒன்று அமையவில்லை, அதனால்தான் நான் நீலகிரிக்கு ஓட்டுப் போடுகிறேன்.

மூடுபனி நாளுக்கு ஜெனரேட்டர் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். முந்நூறு மீட்டர் ஏற ஏற அதன் சக்தி மூன்று சதவீதம் வாக்கில் குறையும், ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சத்தத்துக்குப் பக்கத்து ஹட்டியில் சண்டைக்கு வருவார்கள், சீகூரில் கேட்கவே வேண்டாம். அதன் விலையில் பாதிக்கு, வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து வேனுக்குள் இருக்கிற பேட்டரிக்கு ஏற்றுகிற டிசி-டிசி சார்ஜர் ஒன்று போடலாம். 30 ஆம்பியர் வகை ஒரு மணி நேர ஓட்டத்தில் முந்நூறு வாட்ஹவருக்கு மேல் தரும். காய்கறிக்கும் கேஸுக்கும் டவுனுக்குப் போய்வருகிற ஓட்டத்திலேயே அன்றைய லேப்டாப் செலவு வந்துவிடும். நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு ஏற்றுவது டீசலுக்கும் நஷ்டம், இன்ஜினுக்கும் நல்லதில்லை.

கிளம்பும் முன் காகித வேலை இரண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது, வெளி மாவட்டப் பதிவு வண்டி என்றால் இணையத்தில் எடுத்துக்கொண்டுதான் மலையேற வேண்டும், நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்குத் தேவையில்லை. வேனின் உட்புறத்தை மாற்றிக் கட்டியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவைச் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். அப்படியே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் சாவடியிலேயே எடுத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் குடம் இரண்டு சேர்த்து ஏற்றுங்கள்.